முதல் சுளை

அத்தாயிக்கு அந்த ரோட்டில் கண் தேவையில்லை. புருசன் சென்றாயனின் முதுகுக்குப் பின்னால், பைக்கின் இரண்டு பக்கமும் பலாப்பழ மூட்டை தொங்க, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி உட்கார்ந்துவிட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டே எந்த வளைவு வருகிறது, வண்டி அதில் அடங்குமா அடங்காதா என்று சொல்லிவிடுவாள். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி அடிவாரம் வரைக்கும் எழுபது வளைவு. தை மாதம் வண்டி புதுசாக வந்தபோது எழுபதிலும் சொன்னபடி கேட்டது. மாசி முடிவதற்குள் அதன் குணம் மாறிவிட்டது. பிரேக்கைப் பிடித்தால் முதலில் ஒரு கிறீச்சல், அப்புறம் ஒன்றுமில்லை, அதற்கும் அப்புறம் அதற்கு மனசு வந்தால் பிடிக்கும்.

மனசு வந்தால்! கீழே பள்ளத்தில் மரத்தின் உச்சி தெரிகிற இடத்தில், இரும்புக்கு மனசு வருமா வராதா என்று காத்திருக்கிற பிழைப்பு எந்த ஊரில் உண்டு?

"ஏனுங்க, இது என்னமோ வழுக்கிக்கிட்டே போகுதுங்க" என்றாள் ஒருநாள்.

"புது வண்டி புள்ள. பழகணும்."

"வண்டி நமக்குப் பழகணுமா, நாம வண்டிக்குப் பழகணுமா?"

சென்றாயன் தன்பாட்டுக்கு அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினான். அவன் அப்படித்தான். மிளகுக் கொடிக்கு ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, சவுக்கு மர உயரத்துக்கு ஏறி, காற்றில் ஆடிக்கொண்டே பறிப்பான். பயம் என்பது கிடையாது. ஆனால் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட ஆள் எதிரே நின்றால் தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்கு வந்துவிடும். வாய் "சரிங்க சார்" என்பதற்கு மேல் திறக்காது. அத்தாயிக்கு அவனிடம் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

மலைமேல், தேவனூர் நாடு என்று சொல்கிற ஊர்களுக்குள் அவர்கள் ஊடு. ஊட்டுக்குப் பின்னால் பலாவும் மலைவாழையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடும். முன்பெல்லாம் பழத்தைச் சோளக்காட்டுச் சந்தையில் ஏவாரிகளிடம் போட்டுவிட்டு, அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவதுதான். பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுபோகலாமென்றால், பலாப்பழ வாசம் அடித்ததுமே கண்டக்டர் செத்த எலியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். வண்டி வந்த பிறகுதான் அத்தாயிக்குக் கையும் காலும் முளைத்தன. விடிந்ததும் இறங்கினால், மலையேறப் போகும் கார்க்காரர்கள் காரவள்ளியில் டீ குடிக்க நிற்கிற நேரத்துக்குப் புளியமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடலாம்.

விற்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. அவளுக்கு மட்டுமல்ல, மலையில் எல்லாருக்கும் உள்ளதுதான். பழத்தைப் பிளந்தால் முதல் சுளை விற்கிறவளுக்கு. வாங்குகிறவன் பார்க்கப் பார்க்க அதைத் தின்று கொட்டையைத் துப்ப வேண்டும். அப்புறம்தான் விலை பேசுவது. தேன் விற்கிறவன் முதலில் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிக் காட்டுவான். மாடு விற்கிறவன் தானே ஏர் பூட்டி ஒரு சால் ஓட்டிக் காட்டுவான். காட்டாதவனிடம் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். கார்க்காரர்களுக்கு இது புரியாது. "நீயே தின்னா எப்படிம்மா?" என்று சிரிப்பார்கள். "என்ற வவுத்துக்கு ஆகாதத உங்க வவுத்துக்குக் குடுக்க மாட்டனுங்க" என்பாள்.

வண்டி விற்றவர்கள் இப்படி எதையும் செய்து காட்டவில்லை. மாலை போட்டார்கள், சாவியைக் கையில் கொடுக்கிற மாதிரி போட்டோ எடுத்தார்கள், ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். லட்டு நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஷோரூம் கீழே டவுனில் பைபாஸ் ரோட்டு மேல் இருக்கிறது. முன்னால் முழுக்கக் கண்ணாடி. உள்ளே புது வண்டிகள் கல்யாணப் பெண்கள் மாதிரி நிற்கும். வாங்குகிற வரைக்கும் அந்தப் பக்கம். வாங்கிய பிறகு நமக்குப் பின்பக்கச் சந்து, தகரக் கொட்டகை, எண்ணெய் வழிகிற தரை. வாடிக்கையாளர்தான் எங்கள் முதலாளி என்று சுவரில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதற்கு நேர் கீழே முதலாளிகள் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் சர்வீஸுக்கு விட்ட அன்று காலையில் போய்ச் சாயங்காலம் வரை காத்துக் கிடந்தார்கள். வண்டி வந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்தது. கழுவுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பைபாஸைத் தாண்டி பெட்ரோல் பங்கு வரைக்கும் ஓடி, அங்கே இருமி, நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தான் சென்றாயன். அசையவில்லை. ஷோரூமுக்குப் போன் போட்டான். எடுத்தது சர்வீஸ் மேனேஜர் அருணாசலம். போனிலும் சென்றாயனின் துண்டு கக்கத்துக்குப் போயிற்று.

"சார், வண்டி நின்னுபோச்சுங்க சார். இப்பத்தான் உங்ககிட்ட எடுத்துட்டு வந்ததுங்க."

"எங்க நிக்குது?"

"பங்குகிட்டங்க. ஆள் யாராச்சும் அனுப்புனீங்கன்னா…"

"ஆளெல்லாம் டீக்குப் போயிருக்காங்கப்பா. பக்கம்தானே, தள்ளிக்கிட்டே வந்துரு."

"சரிங்க சார்."

சித்திரை வெயில். மேடான ரோடு. விற்காத பலாப்பழ மூட்டை வேறு. அவன் ஹேண்டிலைப் பிடிக்க, அவள் பின்னால் கைகொடுத்துத் தள்ள, லாரிகள் ஊதிக்கொண்டே உரசிப் போயின. போய்ச் சேர்ந்தபோது சென்றாயனின் சட்டையைப் பிழியலாம். மெக்கானிக் பெட்ரோல் குழாயை ஒரு அமுக்கு அமுக்கினான். அவ்வளவுதான் வேலை. அதை மாட்ட மறந்தது அவன்தான். மறந்தவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அருணாசலம் ஏசி அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, எல்லாம் சரியா என்பது போலக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சென்றாயன் கும்பிட்டான்! அத்தாயி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரேக்குக்காக மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை அத்தாயியே பேசினாள்.

"பிரேக் புடிக்கிறதில்லீங்க. செயினும் தொளதொளன்னு தட்டுது."

மெக்கானிக் வண்டியை எடுத்து, கொட்டகைக்கு முன்னாலிருந்த சிமெண்ட் தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினான். நிறுத்தினான். நின்றது.

"நிக்குதேம்மா."

"உங்க வாசல்ல நிக்குமுங்க. எங்க மலையில நிக்குதான்னு பாருங்க."

"மலைக்கெல்லாம் வந்து பாக்க முடியாதும்மா. நீங்கதான் பாத்து ஓட்டணும். மலைக்காரங்க எல்லாரும் பிரேக்லயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க. வண்டி என்ன பண்ணும்?"

பாட்டன் காலத்திலிருந்து சரிவில் ஏர் ஓட்டுகிறவர்களுக்கு, சமதரையில் பிறந்து சமதரையில் வளர்ந்து பாலம் ஏறினாலே கியரைக் குறைக்கிற ஒருவன் இறங்கக் கற்றுக்கொடுக்கிறான். அத்தாயி வாயைத் திறப்பதற்குள் சென்றாயன் "சரிங்க சார்" என்றுவிட்டான். மெக்கானிக்கெல்லாம் கூட அவனுக்கு சார்.

வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள்.

வைகாசியில் ஒரு காலை, கீழே இறங்கும்போது அது நடந்தது. சோளக்காட்டைத் தாண்டி, இரண்டாவது வளைவு. மழை கிடையாது, பனி கிடையாது, எதிரே வண்டி கிடையாது. சென்றாயன் முன்பிரேக்கைப் பிடித்தான். லீவர் ஹேண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது, காலடியில் பின்பிரேக்கும் சும்மா இறங்கியது. வண்டி அதுபாட்டுக்குப் போயிற்று. அத்தாயிக்குத் தொடை முன்னால் வழுக்கவில்லை. பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் வழுக்கும்; வழுக்காததிலிருந்தே தெரிந்துவிட்டது. "மேட்டுல உடுங்க! மேட்டுல!" என்று கத்தினாள். சென்றாயன் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய்ச் சாய்த்தான். உண்ணிச்செடிப் புதர் அவர்களை வாங்கிக்கொண்டது. பலாப்பழம் ஒன்று மட்டும் உருண்டு, ரோட்டைக் கடந்து, பள்ளத்தில் விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வருவதற்கு வெகு நேரம் ஆனமாதிரி இருந்தது. அவள் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே புதருக்குள் கிடந்தாள்.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரிசில்லா சென்றாயனின் மணிக்கட்டில் கட்டுப் போட்டாள். கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவள். மலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இந்தச் சனங்களில் ஒருத்தியாகிவிட்டாள்.

"சுளுக்குதான் அண்ணா. நல்ல நேரம். இந்த வண்டியை இனிமே இறக்கத்துல எடுக்காதீங்க. போன மாசம் ஒருத்தரை இப்படித்தான் கொண்டாந்தாங்க, கட்டுப் போட எனக்கு வேலையே இல்லாமப் போச்சு."

சென்றாயன் தலையாட்டினான். அத்தாயி தாலிக்கொடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். வண்டி போனால் போகட்டும், சந்தை ஏவாரிகளிடமே திரும்பிப் போகலாம். ஆனால் இந்த மனுசன் மறுபடியும் அதில் ஏறுவான். யாராவது ஒரு பெல்ட் போட்டவன் "இப்ப சரியாயிருச்சு, ஓட்டுப்பா" என்று சொன்னால் போதும், சரிங்க சார் என்று ஏறி, அந்தப் பலாப்பழம் போன இடத்துக்கே போய்விடுவான். இவனை உசுரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் அந்தப் பிரேக்கை ஒழுங்காக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஒழுங்கில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

விழுந்து எழுந்த வண்டியை அப்படியே ஊட்டுக்குள் ஏற்றக் கூடாது. பங்காளி முறையில் கருப்பண்ணன் என்று ஒருவர். பெரியண்ணன் கோயில் பூசாரி. அவர் வந்து வண்டியைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி, சேவலை அறுத்து, ரத்தத்தை முன்சக்கரத்திலும் ஹேண்டிலிலும் விளக்கிலும் தாராளமாகத் தெளித்தார்.

"கழுவிப் போடாதீங்க. காத்தும் மழையும் தானாக் கொண்டுபோவணும். கழுவுனா வாங்கிக்கிட்ட சாமி திருப்பிக் குடுத்துரும்" என்றார்.

சேவல் குழம்பும் சாமைச்சோறும் எல்லாரும் சாப்பிட்டார்கள். வண்டியை யாரும் கழுவவில்லை. மறுவாரம் அன்னாசி ஏற்றிப் போன லாரியில் அதையும் தூக்கிப்போட்டுக் கயிற்றால் கட்டி, கீழே ஷோரூமுக்குக் கொண்டுபோனார்கள்.

கொட்டகையில் வண்டியை இறக்கியதுமே இரண்டு மெக்கானிக்குகள் பின்வாங்கினார்கள். ஒருவன் உள்ளே ஓடினான். அருணாசலம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். இரும்பு வாசனை அடித்ததோ என்னவோ.

"என்னய்யா இது, ரத்தம்?"

"ஆமாங்க சார்" என்றான் சென்றாயன்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"சேவலுங்க சார்."

"சேவல்ல மோதுனியா?"

"மோதலீங்க. அறுத்தமுங்க."

அருணாசலம் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தார். கணக்குப் போட்டு முடித்துவிட்டார். "இது ஆக்சிடென்ட் வண்டி. ஆக்சிடென்ட் வண்டிக்கு வாரண்டி கிடையாது. போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் இன்சூரன்ஸ் பேசலாம்."

அத்தாயி முன்னால் வந்தாள். "ஏனுங்க சார், பிரேக் புடிக்காமத்தான் உழுந்தமுங்க. உழுந்ததால பிரேக் போகல. பிரேக் போனதால உழுந்தோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களா இல்லீங்களா?"

"அதை எப்படிம்மா நான் நம்புறது?"

"நாங்க மின்னாலயே ஒருக்கா வந்து சொன்னமுங்களே. இதா இவருதான் ஓட்டிப் பாத்தாரு."

"பாத்தோம்ல? அன்னைக்கு நல்லா இருந்துச்சுல்ல? நல்ல கண்டிஷன்ல குடுத்தோம், நீங்க கொண்டுபோய் மோதிட்டீங்க. யாரு மேல மோதுனீங்களோ, என்னமோ. இதுல கோழி, ஆடுன்னு கதை வேற."

"கதைங்களா?"

"இங்க பாரும்மா, இது ஷோரூம். நீங்க மலையில என்ன பூஜை வேணாலும் பண்ணிக்கோங்க. கம்பெனி வண்டில ரத்தத்தை ஊத்திட்டு வந்து வாரண்டி கேட்டா, மேல இருக்குறவன் என்னைச் சிரிப்பான். முதல்ல வாட்டர் வாஷ் போட்டு எடுத்துட்டுப் போங்க."

"கழுவக் கூடாதுங்க."

"ஏன்?"

"கழுவக் கூடாதுன்னா கழுவக் கூடாதுங்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் வேலை பார்த்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அருணாசலமும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அத்தாயி முடிந்துவைத்துக்கொண்டாள். ஏமாற்றுகிறவனைக் கூட ஒருவகையில் பொறுத்துக்கொள்ளலாம், பிழைப்புக்குச் செய்கிறான் என்று விட்டுவிடலாம். உசுருக்குப் பயந்து வந்து நிற்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறவனை என்னவென்று சொல்வது? மனுசப் பிறவி என்றா?

"இப்ப எப்படிப் போறதுங்க?" என்று கேட்டான் சென்றாயன்.

"ஓட்டிட்டுத்தான். ஏறும்போது பிரேக் எதுக்கு?" என்றார் அருணாசலம். தான் பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

ஏறித்தான் போனார்கள். அத்தாயி ஊட்டுக்கு வந்து வண்டியைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சாவியைத் தன் சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

"குடு புள்ள, பக்கத்தூட்டுக்குத்தான்" என்று சென்றாயன் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "நடந்து போங்க. கால் இருக்குதுல்ல?"

ஆனியில் பலா பழுத்துப் பழுத்து மரத்திலேயே வெடித்தது. ஈ மொய்த்தது. கொஞ்சம் சந்தைக்குத் தலைச்சுமையாகப் போயிற்று, மிச்சத்தை மாடு தின்றது. அத்தாயி மாட்டைப் பார்த்துக்கொண்டே ஷோரூம்காரர்களை வைத வசவு அந்த மாட்டுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஆடி பிறந்து, தூறலும் மஞ்சுமாக இருந்த ஒரு சந்தை நாளில்தான் சோளக்காட்டில் அந்த பேனர் கட்டியிருந்தது. மலைவாழ் மக்களுக்கான மாபெரும் இலவச சர்வீஸ் முகாம். எழுத்துக்குப் பக்கத்தில் அருணாசலத்தின் படம், கைகளைக் கட்டிக்கொண்டு. பந்தல், நாற்காலி, ஸ்பீக்கரில் பாட்டு. புது வண்டி ஒன்று சுற்றிலும் பலூன் கட்டி நின்றது. அதைக் காட்டி நாலு பேர் தலையில் கட்டத்தான் இந்த முகாமே என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மலைக்கெல்லாம் வர முடியாது என்றவர்கள், விற்க மட்டும் வந்துவிட்டார்கள்.

அத்தாயி பலாப்பழக் கூடையை அப்படியே இறக்கி வைத்தாள். "போயி வண்டிய உருட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

"சாவி?"

"உருட்டிக்கிட்டு வரச் சொன்னேன். ஓட்டிக்கிட்டு வரச் சொல்லல."

அவன் உருட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவள் ஒரு பழத்தை விற்று முடித்திருந்தாள். வண்டியில் ரத்தம் மழைக்குப் போயிருந்தது, விளக்கோரத்தில் ஒரு கறை மட்டும் மிச்சம். பந்தலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அருணாசலத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, சேவல் பார்ட்டி! வாங்க வாங்க. பாருங்க, உங்களுக்காக நாங்களே மலையேறி வந்துட்டோம்." கூட்டம் பார்க்கிறது அல்லவா, குரலில் தேன் வழிந்தது. "டேய், இந்த வண்டியைப் பாருங்கடா."

மெக்கானிக் பார்த்தான். லீவரை இரண்டு தடவை அமுக்கினான். செயினை விரலால் தட்டினான். என்னத்தையோ திருகினான். துணியால் டேங்கைத் துடைத்தான். "ஓகே சார்."

"ஓகேம்மா. பிரேக் நூத்துக்கு நூறு. எடுத்துட்டுப் போங்க. பேனருக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

சென்றாயனின் துண்டு கக்கத்துக்கு இறங்கியது. "சரிங்க சா…"

"இருங்க" என்றாள் அத்தாயி. புருசனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "சார், பிரேக் நல்லா இருக்குதுங்களா?"

"நூத்துக்கு நூறும்மா."

"செரிங்க. அப்ப ஒருக்கா நீங்க ஓட்டிக் காட்டுங்க. நான் பொறவுக்கு உக்காந்துக்கறேன். நெம்ப தூரம் வேண்டாம். அதா, அந்த ரெண்டாவது வளைவு வரைக்கும் போயிட்டு வந்துரலாம்."

அருணாசலம் சிரித்தார். "நான் மேனேஜர்மா. வண்டி ஓட்டிக் காட்டுறது என் வேலையா?"

"வித்தது நீங்கதானுங்களே?"

பக்கத்தில் தேன் பாட்டில்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த சின்னராசு எழுந்து வந்தார். நரைத்த மீசை, குரல் மட்டும் தாரை ஊதுகிற மாதிரி. "அவ கேக்கறது ஞாயந்தானுங்க. இங்க அதானுங்க மொறை. நான் நக்கிக் காட்டாம ஒரு பாட்டில் வித்துருவனா? அவ மொதல் சொளையத் திங்காம ஒரு பழம் வித்துருவாளா? நீங்களும் ஒரு வளைவு ஓட்டிக் காட்டுங்க. புது வண்டி வாங்கலாம்னு நாங்களும் நாலு பேரு நின்னுக்கிட்டுத்தான் இருக்கறோம்."

"இல்லங்க, எனக்கு இந்த ரோடு புதுசு…"

"ரோடு எப்படி இருந்தா என்னங்க, பிரேக் நூத்துக்கு நூறுன்னீங்களே" என்றாள் அத்தாயி. "மலைக்காரங்க ஓட்டத் தெரியாம ஓட்டறோம்னு உங்க ஆள் சொன்னாரு. நீங்க தெரிஞ்சு ஓட்டுங்க, பாத்துக் கத்துக்கறோம்."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். வாழைத்தார் தூக்கிப் போனவன் தாரை இறக்கி வைத்துவிட்டு நின்றான். ஸ்பீக்கர் பாட்டை எவனோ நிறுத்தினான். அருணாசலம் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டதும் அங்கேயே வேண்டாமென்று சொல்லியிருக்கலாம் மனுசன். ஆனால் இஸ்திரி போட்ட சட்டைக்கு ஒரு வீம்பு இருக்கிறதே, அது விடுமா? பலூன் கட்டிய வண்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாவியைக் குடும்மா" என்றார்.

அத்தாயி சுருக்குப் பையை அவிழ்த்தாள். அப்போதுதான் சென்றாயனுக்கு உறைத்தது. ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "வேண்டாம் புள்ள. அவரு வேணும்னா போவட்டும். நீ ஏறாத."

"நான் ஏறலீன்னா அவரு எறக்கத்துல போகாமயே திரும்பி வந்து, நல்லாத்தான் இருக்குதும்பாரு. உடுங்க."

"உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா…"

"இத்தன நாளா உனக்கு ஆயிருமோன்னு நான் பதறுனனே, அது உனக்குத் தெரிஞ்சுதா?" முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அவனை நீ என்றாள். அவன் கையை விட்டான்.

வண்டி கிளம்பியது. சோளக்காட்டு எல்லை வரைக்கும் அருணாசலம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சென்ட் வாசம் அடித்தது. முதல் வளைவை மெதுவாக, கியரிலேயே இறக்கிவிட்டார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தனுங்க. இன்னும் ஒண்ணு இருக்குது."

அடுத்த சரிவு நீளம். தூறலில் தார் மினுங்கியது. வண்டி வேகம் எடுக்க, அருணாசலம் பிரேக்கைப் பிடித்தார். கிறீச்சென்றது. பிறகு ஒன்றுமில்லை. அத்தாயிக்குத் தொடை முன்னால் வழுக்கவில்லை.

"அம்மா…" என்றார் அருணாசலம். அவளைத்தான் கூப்பிட்டாரா, பெற்றவளைக் கூப்பிட்டாரா தெரியாது. இரண்டு காலையும் கீழே விட்டு ரோட்டில் தேய்த்தார். பாலிஷ் போட்ட ஷூ தாரில் சரசரவென்று உரசியது. லீவரை ஹேண்டிலோடு சேர்த்து நசுக்கினார். பள்ளத்துப் பக்கம் வெள்ளையாக மஞ்சு, அதற்குள் எதுவும் தெரியவில்லை.

"மேட்டுல உடுங்க சார்" என்றாள் அத்தாயி. கத்தவில்லை. நெஞ்சு என்னவோ அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இந்த ஆளுக்கு அதைக் காட்டுவதற்கு அவளுக்கு மனசில்லை. "வலப்பக்கம். உண்ணிச்செடி தெரியுது பாருங்க, அங்க. நாங்க உழுந்த எடம்தான், மெத்துன்னு இருக்கும்."

அங்கேயேதான் விழுந்தார்கள். அத்தாயி முதலில் எழுந்து முந்தானையிலிருந்து முள்ளைப் பிய்த்தாள். முழங்கை சிராய்ந்திருந்தது, அவ்வளவுதான். அருணாசலம் எழவில்லை. புதருக்குள் குந்தியபடி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்து தொங்கியது. வண்டியின் செயின் கழன்று மண்ணில் கிடந்தது.

"பிரேக் எப்படிங்க சார்?"

 "இல்ல… பிடிக்கலம்மா."

"சத்தமாச் சொல்லுங்க."

"பிரேக் பிடிக்கல."

"இதத்தானுங்க நாங்க சித்திரையில இருந்து சொன்னோம்."

"கம்பெனில பேசி வேற வண்டியே மாத்தித் தர்றேம்மா. சத்தியமா."

"சத்தியம் இங்க வேண்டாமுங்க. இங்க நானும் உண்ணிச்செடியும்தான் இருக்கறோம். மேல சந்தைக்கு வாங்க. பிரேக் நூத்துக்கு நூறுன்னீங்களே, அதே எடத்துல நின்னு, அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. உங்க மைக்குலயே சொல்லுங்க. வண்டியும் அங்க வரணும்."

மேலே ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சென்றாயன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அத்தாயியின் தலையை, தோளை, கையை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. பின்னாலேயே சின்னராசும் இன்னும் சிலரும் வந்து மேட்டில் நின்றார்கள். மெக்கானிக் வரவில்லை.

அருணாசலம் வண்டியை நிமிர்த்தினார். செயின் இல்லாத வண்டியை ஓட்டவும் முடியாது, விட்டுப் போகவும் அத்தாயி விட மாட்டாள். போனை எடுத்துப் பார்த்தார், டவர் இல்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினார். மேட்டில் நாலு அடி ஏறியது, இரண்டு அடி பின்னால் வந்தது. பிளந்த ஷூ தார் ரோட்டில் தப்தப்பென்று அடித்தது. சட்டையெல்லாம் செம்மண். திரும்பிச் சென்றாயனைப் பார்த்தார்.

"கொஞ்சம் பின்னாடி கை குடுப்பா."

பழக்கதோஷம். சென்றாயனின் துண்டு தோளிலிருந்து இறங்கிப் பாதி தூரம் வந்துவிட்டது. கால் ஒரு எட்டு முன்னால் வைத்தும்விட்டது. அத்தாயி பார்த்தாள். 

அவன் நின்றான். துண்டை எடுத்து அத்தாயியின் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்தான். பிறகு அதை உதறித் தோளிலேயே போட்டுக்கொண்டான். குரலில் கோபமில்லை. எப்போதும் போலப் பணிவாகத்தான் சொன்னான்.

"பக்கம்தானுங்களே சார். தள்ளிக்கிட்டே வந்துருங்க."